பழசைக் கொடுத்தால் புதுசு

பேனாவுங்களா? இருக்குதுங்க அம்மிணி, இந்தாங்க. எழுதிக்குங்க. மூடி மட்டும் என்கிட்டயே இருக்கட்டும். தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க மேல சந்தேகமெல்லாம் கெடையாது. பழக்கம். மூடி நம்ம கையில இருந்தா பேனா தன்னால திரும்பி வந்துரும். சர்வீஸ்ல சேர்ந்ததுல இருந்து நானு ஒரு பேனாகூடத் தொலச்சதில்லீங்க.

சித்த இப்படித் தள்ளி உக்காருங்க, இங்கதான் காத்து வரும். அந்த ஃபேன் நானு கொடுத்தது. பழைய ஃபேனைக் கழட்டிக் கொண்டாந்து வெச்ச பின்னாலதான் கொடுத்தேன், அது வேற கதை.

எத்தனை கூட்டம் பாருங்க! வராண்டா பூரா சனம். நானு வேலையில இருந்தப்ப இந்த மாடியில இப்படிக் கூட்டம் பார்த்ததே இல்ல. சஸ்பெண்டு ஆகி ஊட்ல உக்காந்த பின்னால இன்னிக்குத்தான் ஆபீஸ் வாசப்படி மிதிக்கிறேன். ஒழுங்கா இருக்கற ஆளு ஒருத்தர் கொறஞ்சாப் போதும், ஆபீஸே இப்படி ஆயிருது.

ஆமாங்க, சஸ்பெண்டுதான். சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்? நானு திருடல, லஞ்சம் வாங்கல. ஸ்டோர் கீப்பர் சென்னியப்பன்னு இந்த மாநகராட்சியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்தா, அந்தச் சாத்தின கதவு இருக்குதுல்ல, அதுக்குள்ள விசாரணை அதிகாரி உக்காந்திருக்காரு. வெளியூர்க்காரரு. டபேதார் வந்து பேரைக் கூப்பிட்டா நானு உள்ள போகோணும். இந்த மாசக் கடைசியில எனக்கு ரிட்டயர்மென்ட்டு. குத்தமில்லைன்னு எழுதினாருன்னா மாலை போட்டு அனுப்பி வெப்பாங்க. குத்தம்னு எழுதினா டிஸ்மிஸ்ஸு. பென்ஷனும் போச்சு, பேரும் போச்சு. எனக்கு அந்தப் பேரு போறதுதானுங்க வெசனம். என்ற சர்வீஸ் பூரா ஆடிட்ல ஒரு கேள்வி வந்ததில்ல. ஒரு குண்டூசி கொறஞ்சதில்ல. கடைசியில பாருங்க, 'மாநகராட்சிக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு ஏற்படுத்தியவர்'னு எழுதிக் கொடுத்திருக்காங்க. என்னைய! கெரகம்.

நீங்க வீட்டு வரி விசயமாத்தானே வந்தீங்க? சரி சரி, எழுதுங்க. எழுதிக்கிட்டே கேளுங்க.

என்ற ஸ்டோர்ல ஒரே சட்டந்தானுங்க. பழசைக் கொடுத்தா புதுசு. தேஞ்ச சீமாறைக் கொண்டாந்து வெச்சாத்தான் புதுச் சீமாறு. ஃபீஸ் போன பல்பைக் கொடுத்தாத்தான் புது பல்பு. ரீஃபில் தீர்ந்துதா, காலி ரீஃபிலைக் கொண்டா. கமிஷனரே கேட்டாலும் அதேதான். ஒருக்கா ஒரு கமிஷனரு ஆளனுப்பி மேசை விளக்குக் கேட்டாரு. பழசு எங்கன்னேன். பழசே இல்லீங்க, ஐயா இப்பத்தான் மொதமொதலா கேக்கறாருன்னாங்க. அப்ப அது புதுக் கொள்முதல், கோப்புப் போட்டு வரச் சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிச்சுட்டேன். அவரு என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாரு. பாராட்டினாருன்னுதான் நெனைக்கிறேன். 'உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல'ன்னாரு.

சாக்கடை வேலை பார்க்கறவர் ஒருத்தரு ஒத்தக் கால் பூட்ஸோட வந்து நின்னாரு. இன்னொண்ணைத் தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சாமா. நானு என்ன பண்ணுவேன்? ஒரு பூட்ஸ் வாங்கிக்கிட்டு ஒரு பூட்ஸ் கொடுத்தேன். சிரிக்காதீங்க அம்மிணி. நாளைக்கு ஆடிட்ல கேட்டா அவரா வந்து பதில் சொல்லுவாரு?

இதுலயும் தில்லுமுல்லு பண்ணுவாங்க. பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிட்டுப் போயிருவாங்க. அப்பறம் பின்பக்கச் சுவரேறிக் குதிச்சு, நானு ஓரங்கட்டிப் போட்ட அதே பழைய சாமானைத் தூக்கிக்கிட்டு வந்து மறுபடி என்கிட்டயே நீட்டுவாங்க. ஒரே வாளி மூணு தடவை வந்துச்சுங்க. அதுல இருந்த நெளிவைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். அன்னிக்கு உக்காந்து ரோசனை பண்ணினேன். அதுல இருந்து ஸ்டோருக்குத் திரும்பி வர்ற சாமானு எதுவா இருந்தாலும் சரி, மொத வேலை துளை. டிரில் மிஷினை வெச்சு நடுமத்தியில ஒரே துளை. வாளின்னா அடியில. ஃபேன்னா றெக்கையில. நாற்காலின்னா உக்கார்ற பலகையில. துளை போட்ட சாமானை எவன் சுவரேறித் தூக்குவான்? அந்தத் துளையால இந்த ஊருக்கு எத்தனை மிச்சம் பண்ணிக் கொடுத்தேன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டர் பிரிவுல சுகன்யான்னு ஒரு பொண்ணு. நெம்பப் படிச்ச பொண்ணு, மரியாதை தெரிஞ்ச பொண்ணு, குறை சொல்லக் கூடாது. இந்த ஊர்ல பொறந்தது, செத்தது, வீட்டு வரி, தண்ணி வரி எல்லாம் ஒரு இரும்புப் பொட்டிக்குள்ள இருக்குதாமா. ஸ்டோரேஜுன்னு பேரு. முன்னெல்லாம் பேப்பர்ல எழுதினோம், அதை நிறுத்திப்போட்டாங்க. அந்தப் பொட்டி என்னிக்காச்சும் கெட்டுப்போனா என்ன பண்றதுன்னு, அதுல இருக்கறதுக்கு நகல் எடுத்து, நம்ம காலத்துல பாட்டுக் கேசட் இருந்துச்சு பாருங்க, அந்த மாதிரி கேசட்டுல ஏத்தி அந்தப் பொண்ணே மாடி பீரோவுல வெச்சுப் பூட்டிக்கும். அதுக்கு பேக்கப்பு. பொட்டிக்கு வயசாயிருச்சு, கறகறன்னு சத்தம் வருது, எந்நேரமும் நின்னுபோகும், புதுப் பொட்டியும் புது பேக்கப்பு மிஷினும் வாங்கோணும், இன்னொரு நகலை வெளியூர்ல வெக்கோணும்னு அந்தப் பொண்ணு கோப்புப் போட்டுச்சு.

அந்தக் கோப்பு பட்ட பாடு எனக்குத் தெரியும். மேல போச்சு, கீழ வந்துச்சு. டெண்டர் விட்டாங்க, ஒருத்தர் மட்டும் வந்தாருன்னு ரத்து பண்ணினாங்க. மறுபடி விட்டாங்க, தேர்தல் வந்துருச்சு. அதுக்குள்ள பொட்டியோட மாடலே மாறிப்போச்சுன்னு மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. அந்தப் பொண்ணு படியேறிப் படியேறி எளச்சுப்போச்சுங்க. எனக்கே பாவமா இருந்துச்சு. ஒருக்கா டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வழியா சாமானு லாரியில வந்து எறங்குச்சு. பெரிய பெரிய அட்டைப் பொட்டி. நானே எண்ணிப் பார்த்து, இருப்புல ஏத்தி, பூட்டி வெச்சேன். மத்த நாளே அந்தப் பொண்ணு ஓடியாந்துச்சு. மொகமெல்லாம் சிரிப்பு.

"சார், புதுசை எடுத்துக்கலாங்களா?"

"தாராளமா எடுத்துக்கம்மா. பழசைக் கொண்டா."

அந்தச் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. "சார், பழசுல இருக்கற டேட்டாவைப் புதுசுல மாத்தோணும். ரெண்டும் கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல பக்கத்துல ஓடினாத்தான் ஆகும்"னுச்சு.

"ஒரு வேலைக்கு ரெண்டு சாமானு எப்படிம்மா கொடுப்பேன்? நீதானே கோப்புல 'பழைய கருவிக்கு மாற்றாக'ன்னு எழுதியிருக்கற? மாத்துன்னா மாத்துத்தானே?"

நானு தப்பாச் சொன்னனா? நீங்களே சொல்லுங்க. அதோட எழுத்துதானே அது?

உடனே எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுருச்சு. "சார், பழைய குடத்துல தண்ணி இருக்குதுன்னு வெச்சுக்குங்க. புதுக் குடம் வாங்கியிருக்கறோம். தண்ணியை மாத்தோணும்னா ரெண்டு குடமும் வேணுங்களா, வேண்டாங்களா?"

"மொதல்ல தண்ணியை ஊத்திக்க. அப்பறம் பழைய குடத்தைக் கொண்டா."

"புதுக் குடம் உங்க பூட்டுக்குள்ள இருக்குதே சார். எதுல ஊத்தறது?"

வாய்த்துடுக்கைப் பார்த்தீங்களா! என்ற மக இப்படிப் பேசியிருந்தா நடக்கறதே வேற. நானு ரூல் புஸ்தகத்தை எடுத்து முன்னால வெச்சேன். படிச்சுப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிருச்சு.

அப்பறம் துணை ஆணையர்கிட்டப் போச்சு. அவரு, 'இருவரும் பேசி முடித்துக்கொள்ளவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சுட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் பேச என்னங்க இருக்குது? ரூலு கூடவா பேசி முடிக்க முடியும்? நானு அதே எடத்துல நின்னேன், அது தெனமும் வந்து அதே எடத்துல நின்னுச்சு. புதுப் பொட்டி என்ற பூட்டுக்குள்ள, பழைய பொட்டி மேல கறகறன்னு. சாமானை அனுப்பின கம்பெனிக்காரங்க வேற, நாங்க வந்து மாட்டிக் கொடுக்கற கெடு முடியுதுன்னு போன் மேல போன். எல்லாரும் என்னையத்தான் மொறச்சாங்க. ரூலை எழுதினவனை ஒருத்தனும் மொறைக்கல.

இதுக்கு நடுவுல சான்றிதழ் கொடுக்கப் புதுசா ஒரு சேவை மையம் தொறக்கறாங்க, மந்திரி வர்றாருன்னு தேதி குறிச்சுப்போட்டாங்க. கமிஷனரு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, புது மிஷினு எங்கன்னு போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாராமா. கண்ணெல்லாம் செவந்து வந்துச்சு. "சரிங்க சார். பொட்டியை நிறுத்திக் கழட்டிக் கொடுத்தர்றேன். என்கிட்டக் கேசட் இருக்குது, அதுல இருந்து புதுசுல ஏத்திக்கறேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க"ன்னுச்சு.

ஜெயிக்கறது தோக்கறதுன்னு இதுல என்னங்க இருக்குது? எனக்கு அந்தப் பேச்சே புடிக்கல.

மத்த நாள் காத்தால பழைய பொட்டியும் பேக்கப்பு மிஷினும் தள்ளுவண்டியில கீழ வந்துச்சு. அந்தப் பொண்ணு கம்பெனி ஆளுங்களோட என்ற ஸ்டோர் வாசல்ல புது அட்டைப் பொட்டிகளைப் பிரிச்சுக்கிட்டிருக்குது. நானு உள்ள உக்காந்து, பழைய இருப்பைச் சரிபார்க்கறேன். பார்த்தா, அந்தக் காலத்துல வாங்கினப்பவே ஒரே செட்டா வாங்கியிருக்காங்க. பொட்டி, கேசட் ஓட்டற மிஷினு, கேசட்டுங்க. பொட்டி வந்துருச்சு, மிஷினும் வந்துருச்சு. கேசட் வரல. செட்டு கொறையுது! கொறைஞ்ச செட்டை எப்படித் திரும்ப வாங்கிக்க முடியும்?

அந்த நிமிசமே எந்திரிச்சு, பிரிக்கறதை நிறுத்தும்மான்னு சொல்லியிருக்கலாம். சட்டப்படி அதைத்தான் சொல்லியிருக்கோணும். சொல்லல. ஏன் தெரியுங்களா? எரக்கம். அந்தப் பொண்ணு எத்தனை நாள் கழிச்சுச் சிரிச்ச மொகமா நிக்குது, இந்தச் சின்னக் கொறையைச் சொல்லி அதைக் கெடுக்கோணுமா? நம்மளே முடிச்சுக் கொடுத்தர்லாம்னு நெனச்சேன். இந்தக் கட்டடத்துல எந்த பீரோவுக்கும் இன்னொரு சாவி ஸ்டோர்லதான் இருக்கும். எடுத்துக்கிட்டு, இந்த மூட்டுவலியோட நானே படியேறிப் போயி, பீரோவைத் தொறந்து, கேசட் பூராத்தையும் கோணிப்பையில போட்டுக் கொண்டாந்தேன். கொண்டாந்து எண்ணினேன். சரியா இருந்துச்சு. அந்தச் சந்தோசம் உங்களுக்குப் புரியாது அம்மிணி. எண்ணிக்கை சரியா இருக்கறது ஒரு சொகங்க.

அப்பறம் வழக்கம்போலத்தான்.

ஆமாங்க. துளைதான். பொட்டிக்குள்ள இருந்த தட்டுங்களை ஒவ்வொண்ணா உருவி, நடுமத்தியில ஒரு துளை. கேசட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு துளை. மத்தியானச் சோத்துக்குக்கூட நானு போகல. என்ற ஸ்டோர்ல டிரில் சத்தம் தெனமும் கேக்கறதுதானே, வாசல்ல யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாத்தையும் ஒரு கம்பியில கோத்துத் தொங்க விட்டேன். அத்தனை சுத்தமா இருந்துச்சு.

அந்தப் பொண்ணு மேல போயி பீரோவைத் தொறந்து பார்த்துட்டு ஓடியாந்துச்சு. நானு சாமானு வாங்கினதுக்குப் போடற சீட்டைத் தயாரா எழுதி வெச்சிருந்தேன். "வாம்மா, கையெழுத்தப் போட்டுட்டுப் புதுசை எடுத்துக்க. செட்டு கொறைஞ்சுது, நானே போயிக் கொண்டாந்து முடிச்சுப்போட்டேன்"னேன். அது என்னைப் பார்க்கல. கம்பியையே பார்த்துச்சு. கிட்டப் போயி ஒரு கேசட்டைப் புடிச்சு அந்தத் துளை வழியாப் பார்த்துச்சு. அப்பறம் அப்படியே சிமெண்டுத் தரையில உக்காந்துருச்சு. அழுதுச்சா சிரிச்சுச்சான்னே எனக்குத் தெரியல. தண்ணி கொடுத்தேன், குடிக்கல.

ஒரு தடவையாச்சும் விவரமாச் சொல்லியிருந்தா நானு துளை போட்டிருப்பனா? டேட்டா, டேட்டான்னு தெனமும் வந்து சொல்லுச்சே ஒழிய, விவரமா ஒண்ணும் சொல்லல.

வெளியூர்ல இருந்து நிபுணருன்னு ஒருத்தரை வரவழைச்சாங்க. அவரு கம்பியைத் தூக்கிப் பார்த்துட்டு, யாருங்க இத்தனை நேர்த்தியாப் பண்ணினதுன்னு கேட்டாரு. நாந்தானுங்கன்னேன். ஒண்ணையும் மீட்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேரையும் சஸ்பெண்டு பண்ணினாங்க. அந்தப் பொண்ணு வேலையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருச்சு. போறப்ப வாக்குமூலத்துல என்னையப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லலையாமா. 'சென்னியப்பன் சார் எல்லாத்தையும் ரூல் படிதான் செஞ்சாரு'ன்னு எழுதியிருக்குதாம். பாருங்க! அதுவே ஒத்துக்கிச்சு. அப்பறம் எதுக்குங்க எனக்கு விசாரணை?

உள்ள போனா என்ன சொல்லப் போறேன்னு தெரியுங்களா? ஊட்ல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கறேன். ஐயா, என் இருப்புல பொட்டி இருக்குது, கேசட் இருக்குது. எண்ணிக்குங்க, ஒண்ணு கொறையாது. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எங்கயாச்சும் ஏத்தியிருக்குதுங்களா? இல்ல. உள்ள இருந்தது என் இருப்புல இல்ல. என் இருப்புல இல்லாத பொருளை நானு எப்படிங்கய்யா தொலைக்க முடியும்? எப்படி இருக்குது? இதுக்கு மேல அவரு என்னத்தக் கேப்பாரு?

என்ன அம்மிணி, எழுதவே இல்லையே? இத்தனை நேரமாப் பேனாவைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. மை வரலீங்களா? எந்தக் கட்டம்? கொடுங்க பாக்கலாம், கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'முன்பு பதிவு செய்த எண்'. அட, இது வீட்டு வரி இல்லீங்களா? இறப்புச் சான்றிதழா? யாருக்குங்க?

ஊட்டுக்காரருக்கா.

மன்னிச்சுக்குங்க அம்மிணி, நானு கேக்காமயே பேசிப்போட்டேன். இந்த வயசுலயா? என்னங்க பண்ணுச்சு? காய்ச்சலா. பள்ளிக்கூடத்துல வாட்ச்மேனா இருந்தாரா. அப்ப வாரிசு வேலைக்கு எழுதிப் போடுங்க, கட்டாயம் கொடுப்பாங்க. போட்டாச்சா? இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் வெக்கோணுமா? வெக்கலீன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமா?

பதறாதீங்க. கீழ கவுண்டர்ல கேட்டீங்களா? என்ன சொன்னாங்க? பழைய சான்றிதழைக் கொண்டாந்தா, அதைப் பார்த்துப் புதுசு அடிச்சுக் கொடுக்கறோம்னாங்களா? சரிதானுங்களே, பழசைக் கொடுத்தாத்தானே...

பழசு வாங்கவே இல்லீங்களா. ஆமா, எழவு ஊட்ல யாரு அதை நெனைப்பாங்க. ஆனா பதிஞ்சீங்கல்ல? இங்கதானே? பக்கத்துல நின்னு பார்த்தீங்களா? பேரைத் தப்பா அடிச்சாங்கன்னு நீங்களே சொல்லித் திருத்தினீங்களா.

இப்பத் தேடினா அப்படி ஒருத்தர் சாகவே இல்லீங்கறாங்களா.

இந்த வராண்டாவுல இருக்கறவங்க பூரா அதுக்குத்தானுங்களா? அந்தப் பெரியவருமா? அந்தக் கைக்கொழந்தையோட நிக்கறவங்க? அது பொறந்ததுக்கா.

பேரு என்னங்க அவருக்கு? மாரப்பன். ஒத்த எழுத்து மாத்தி அடிச்சதை நீங்க நின்னு திருத்தியிருக்கீங்க.

டபேதார் என்னையத்தான் கூப்பிடறாரு. வர்றேனுங்க, சித்த இருங்க. என்னமோ சொல்லோணும்னு வெச்சிருந்தனே அம்மிணி, இப்பத்தானே உங்ககிட்டச் சொன்னேன். இருப்புல இல்லைன்னு. இருப்புல...

இல்லீங்க, பேனாவைக் கொடுக்க வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. இந்தாங்க, மூடியும்.